பாறை மாறும் இடத்தில் கையெழுத்தும் மாறும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் நிலவியல் வரைபடத்தில் பளிச்சென்று தெரிபவை இரண்டு நிறங்கள். வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்து ஓடும் ஒரு கோடு மாவட்டத்தை இரண்டாக வகுக்கிறது. கோட்டுக்கு மேற்கே இலுப்பூர், குளத்தூர், திருமயம் பக்கமெல்லாம் கருங்கல். சித்தன்னவாசலில் சமணர்கள் படுக்கை செதுக்கியதும், நார்த்தாமலையில் குடைவரை குடைந்ததும், திருமயத்தில் கோட்டை எழுந்ததும் இந்தக் கல்லின் மேல்தான். கிழக்கே ஆலங்குடியின் கீழ்ப்பகுதி, கறம்பக்குடி, அறந்தாங்கி, மணமேல்குடி எனக் கடற்கரை வரைக்கும் படிவுப் பாறை. மணல், களிமண், சுண்ணாம்பு என அடுக்கின் மேல் அடுக்காகப் படிந்து இறுகிய நிலம் அது.

இந்தக் கோடு உண்டான கதை பழையது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் அண்டார்க்டிகாவும் ஒட்டிக் கிடந்த கோண்டுவானா பெருங்கண்டம் பிளந்தபோது, இன்றைய சோழமண்டலக் கரை நெடுகிலும் நிலம் விரிசல் விட்டுத் தாழ்ந்தது. தாழ்ந்த பள்ளங்களில் ஆறுகள் மணலையும் வண்டலையும் கொட்டின. கடல் பலமுறை உள்ளே ஏறியது, பலமுறை பின்வாங்கியது. மடிந்த பாசியும் தாவரமும் வண்டலோடு புதைந்து, ஆழத்தின் சூட்டில் மெல்ல வெந்து எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் மாறின. நிலவியலாளர்கள் இதற்கு வைத்த பெயர் காவிரிப் படுகை. காவிரி என்ற ஆறு இன்றைய பாதையில் ஓடத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் படுகை இருந்தது. புதுச்சேரியின் வடக்கிலிருந்து ராமநாதபுரம் தாண்டிக் கடலுக்கு அடியிலும் அது நீள்கிறது. 1980களில் நாகப்பட்டினம் அருகே நரிமணத்தில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய பிறகு, ஒன்றிய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் ஆய்வுக் குழுக்கள் தெற்கே புதுக்கோட்டைப் பக்கமும் வந்தன. நெடுவாசல், வடகாடு, கோட்டைக்காடு, நல்லாண்டார்கொல்லை, வாணக்கன்காடு, கருக்காகுறிச்சி என்று ஆங்காங்கே தோப்புக்கும் வயலுக்கும் நடுவே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் துளையிட்டுப் பார்த்துவிட்டு, மூடியும் வைத்தார்கள்.

பாறை தண்ணீரையும் தீர்மானிக்கிறது. மேற்கே கருங்கல்லில் தண்ணீர் நிற்க இடம் இல்லை. விரிசல்களில் கொஞ்சம் ஊறும், அவ்வளவுதான். அங்கே வாழ்வு கண்மாயை நம்பியது. கிழக்கே படிவு அடுக்குகள் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கின்றன. நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்கு போர் போட்டால் நல்ல தண்ணீர் கிடைக்கும். கீரமங்கலம் சந்தைக்கு மூட்டை மூட்டையாகப் பூ வருவதும், வடகாட்டுப் பலாவும் வாழையும், நெடுவாசலைச் சுற்றிய தென்னந்தோப்புகளும் இந்த ஆழத் தண்ணீரால்தான். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெடுவாசலின் பச்சை இயற்கை தானாகக் கொடுத்தது அல்ல. 1990ஐ ஒட்டி தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. காவிரி எட்டாத மேட்டு நிலத்தைத் தோப்பாக்கியதில் அந்த அரசாணைக்குப் பெரும் பங்கு உண்டு. நிலத்தடி நீரைக் கீழே இறக்கியதிலும் அதே அரசாணைக்குப் பங்கு உண்டு. சுற்றுச்சூழல் கொள்கை என்று யாரும் அதைக் கருதவில்லை. ஆனாலும் இந்த மாவட்டத்தின் நிலத்தை மாற்றியதில், பசுமை என்று பெயர் சூட்டிக்கொண்ட எந்தச் சட்டமும் அதன் அருகில்கூட வராது.

பாறை பிரிகிற அதே கோட்டில் சட்டமும் பிரிகிறது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 53ஆவது இனம் எண்ணெய் வயல்களையும் பெட்ரோலியத்தையும் தில்லியிடம் ஒப்படைக்கிறது. இயற்கை எரிவாயுவும் அதில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2004இல் கருத்துரைத்தது. குஜராத் அரசு எரிவாயுவுக்குத் தானே இயற்றிய சட்டம் அதனால் செல்லாமல் போயிற்று. மறுபக்கம் கட்டடக் கல், ஜல்லி, மணல் எல்லாம் சிறுகனிமங்கள். 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் 15ஆவது பிரிவு அவற்றுக்கு விதி எழுதும் அதிகாரத்தை மாநிலத்துக்குத் தருகிறது. ஆக, கிழக்குப் புதுக்கோட்டையின் அடியில் இருப்பதற்கு எஜமான் தில்லி, மேற்குப் புதுக்கோட்டையின் மேலே துருத்திக்கொண்டிருப்பதற்கு எஜமான் சென்னை. வேளாண்மை, நிலம், தண்ணீர் மூன்றும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. சுற்றுச்சூழல் எந்தப் பட்டியலிலும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டின் முடிவுகளை நிறைவேற்றுகிறோம் என்ற வாசலைத் திறந்து, போபால் விபத்துக்குப் பிறகு 1986இல்தான் நாடாளுமன்றம் அதற்கென்று பொதுச் சட்டம் கொண்டுவந்தது.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு 2017 பிப்ரவரிக்கு வருவோம். அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் ஒன்றிய அரசு ஹைட்ரோகார்பன் ஆய்வு மற்றும் உரிமக் கொள்கையை ஏற்றிருந்தது. அதுவரை எண்ணெய்க்கு ஓர் உரிமம், நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு வேறு உரிமம் என்று இருந்தது. புதிய கொள்கையில் ஒரே உரிமம். அதை வாங்கியவர் அந்த நிலத்தடியில் எந்த வகை ஹைட்ரோகார்பன் கிடைத்தாலும் எடுக்கலாம். ஓஎன்ஜிசி கண்டுபிடித்துவிட்டுக் கட்டுப்படியாகாது என்று விட்டுவைத்த சிறு வயல்களை ஏலம் விட்டார்கள். 2017 பிப்ரவரி 15 அன்று பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு 31 ஒப்பந்தப் பகுதிகளை ஒதுக்கியது. 10 சதுர கிலோமீட்டர் நெடுவாசல் வயல் கர்நாடகத்தைச் சேர்ந்த ஜெம் லேபரட்டரீஸ் நிறுவனத்துக்குப் போயிற்று.

மறுநாள் நெடுவாசல் மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அதே பிப்ரவரி 16 அன்றுதான் எடப்பாடி பழனிசாமி முதலமைச்சராகப் பதவியேற்றார். இரண்டு நாள் கழித்துச் சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகத் திரண்ட கூட்டம் கலைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. போன் கேமராவும் மீமும் கையில் இருந்த இளைஞர்கள் நாடியம்மன் கோயில் திடலுக்கு வந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் வந்தார், திரைத்துறையினர் வந்தார்கள். நாற்காலி இன்னும் சூடேறாத ஓர் அரசுக்கு இந்தக் கூட்டத்தைப் பகைத்துக்கொள்ளும் தெம்பு இல்லை. ஊரில் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்கூட அப்போது கிடையாது. உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்து, தனி அலுவலர்கள் நிர்வாகத்தில் இருந்தார்கள்; அடுத்த ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மக்களின் குரல் அரசுக்குப் போய்ச் சேர வேண்டிய கீழ்ப்படி இல்லாத காலத்தில், திடலே ஊராட்சி மன்றமாயிற்று.

அந்தத் திடலில் பேசப்பட்ட அறிவியலைப் பார்ப்போம். பெரிய அச்சம் தண்ணீரைப் பற்றியது. எரிவாயு எடுக்க நிலத்தடி நீர் முழுவதையும் உறிஞ்சிவிடுவார்கள் என்று பேசினார்கள். இது எங்கிருந்து வந்தது என்பது புதிர் அல்ல. 2010இல் மன்னார்குடி வட்டாரத்தில் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு நிலக்கரிப் படுகை மீத்தேன் உரிமம் தரப்பட்டது. 2011 ஜனவரியில் திமுக அரசு அந்நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தமும் போட்டது. நிலக்கரியின் நுண்துளைகளில் மீத்தேன் ஒட்டிக்கொண்டிருப்பது தண்ணீரின் அழுத்தத்தால். தண்ணீரை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்தால்தான் வாயு விடுபடும். ஆகவே மன்னார்குடியில் அந்த அச்சம் நேரடியானது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசியது அதைத்தான். 2013 டிசம்பர் இறுதியில் அவர் இறந்ததும் அந்தப் பிரசாரத்தின் நடுவில், பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். 2013இல் திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழு அமைத்த ஜெயலலிதா அரசு, 2015இல் அனுமதி இல்லை என்று அறிவித்தது.

நெடுவாசல் வயல் அந்த வகை அல்ல. அது வழக்கமான எண்ணெய், எரிவாயு வயல். மணற்பாறையின் துளைகளில் வாயு இருக்கும். மேலே களிப்பாறை மூடி போட்டிருக்கும். துளை போட்டதும் வாயு தன் அழுத்தத்திலேயே மேலேறும். குடிநீர் தரும் அடுக்குகளுக்கு வெகு கீழே நடக்கிற காரியம் இது. ஊர்த் தண்ணீரை உறிஞ்சித்தான் ஆக வேண்டும் என்பது இதில் இல்லை. நான் அந்த நேரத்துத் துண்டறிக்கைகளோடு மாறுபடுகிற இடம் இது. அதற்காக ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. குழாயைச் சுற்றிப் பூசும் சிமெண்ட் பிடிப்பு விட்டால் உப்பு நீரும் வாயுவும் நன்னீர் அடுக்குக்குள் கசியும். எண்ணெயோடு மேலே வரும் உவர்நீரை எங்கே கொட்டுவது என்பது இன்னொரு கேள்வி. குழாய்ப் பாதை உடைவது மூன்றாவது. அதைக் கண்ணால் பார்க்க அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அதே ஆண்டு ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் உடைந்து வயலில் கச்சா எண்ணெய் பரவியது. கேட்கத் திரண்டவர்களுக்குக் கிடைத்தது தடியடியும் கைதும்.

இன்னொன்றும் உண்டு. ஒரே உரிமம் எல்லா வகைக்கும் செல்லும் என்று கொள்கையே சொல்லும்போது, இன்றைக்கு வழக்கமான எரிவாயு என்று தொடங்குபவர் நாளைக்குப் பாறையைப் பிளந்து எடுக்கும் முறைக்குப் போகமாட்டார் என்று விவசாயிக்கு எதை வைத்து நம்பிக்கை வரும்? இந்த வயலில் என்ன வாயு, எந்த ஆழம், எந்த முறை என்று விளக்கிச் சொல்லும் வேலை, ஏலம் விடுவதற்கு முன்னால் அரசு செய்திருக்க வேண்டியது. செய்யாத இடத்தை வாட்ஸ்அப் நிரப்பியது. அறிவியல் தவறாகப் பரவியதற்கு மக்களைக் குறை சொல்பவர்கள் இந்த வரிசையைக் கவனிப்பது இல்லை.

மார்ச் இரண்டாம் வாரத்துக்குள் ஒன்றிய, மாநில அமைச்சர்கள் மக்கள் விருப்பத்துக்கு மாறாக எதுவும் நடக்காது என்று சொல்ல, முதல் கட்டப் போராட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பழைய துளைகளை மூடி நிலத்தைத் திருப்பித் தருவதாக மாவட்ட நிர்வாகமும் வாக்களித்தது. மார்ச் 27 அன்று தில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஏப்ரல் 12 அன்று நெடுவாசல் மீண்டும் திடலில் அமர்ந்தது. இந்த முறை அக்டோபர் வரை, 174 நாட்கள்.

ஆனால் திட்டத்தை உண்மையில் நிறுத்தியது எது என்று கேட்டால், பதில் பலர் கவனிக்காத ஒரு விதியில் இருக்கிறது. அப்போது நடப்பில் இருந்த 1959ஆம் ஆண்டுப் பெட்ரோலியம், இயற்கை எரிவாயு விதிகளின்படி, மாநிலத்துக்குள் உள்ள நிலத்தில் எண்ணெய் எடுக்கும் குத்தகையைத் தருவது மாநில அரசு. ஒன்றியத்தின் முன் அனுமதியோடு தர வேண்டும். நிலத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கு ராயல்டி பெறுவதும் மாநிலமே. தில்லி ஏலம் விடலாம், ஒப்பந்தம் போடலாம். ஓஎன்ஜிசியின் பெயரில் இருந்த குத்தகை ஜெம் நிறுவனத்துக்கு மாற வேண்டுமானால் சென்னையில் ஒரு கையெழுத்து விழ வேண்டும். அந்தக் கோப்பு நகரவில்லை. நிராகரித்ததாக அறிவிப்பும் இல்லை, கிடந்தது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு நிறுவனம் தனக்கு வேறு இடம் தாருங்கள் என்று கேட்டது. 174 நாள் கூட்டத்தின் பலம் என்னவென்றால், அந்தக் கையெழுத்தைப் போடுவது எந்தக் கட்சிக்கும் கட்டுப்படியாகாத காரியம் என்று ஆக்கியதுதான்.

ஒரே பாறை, வேறு கையெழுத்து என்பதற்கு அமெரிக்காவில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்கிறது. மார்செல்லஸ் என்ற களிப்பாறை பென்சில்வேனியா மாநிலத்துக்கும் நியூயார்க் மாநிலத்துக்கும் அடியில் தொடர்ந்து கிடக்கிறது. மாநில எல்லை என்ன என்று அந்தப் பாறைக்குத் தெரியாது. பென்சில்வேனியாவில் அதைப் பிளந்து ஆயிரக்கணக்கான கிணறுகள் தோண்டினார்கள். நியூயார்க்கில் 2014 டிசம்பரில் ஆளுநர் குவோமோவின் அரசு, உடல்நலக் காரணம் காட்டித் தடை அறிவித்தது. இரு பக்கத்து அரசுகளும் கையில் வைத்திருந்த ஆய்வுத் தாள்கள் ஏறத்தாழ ஒன்றே. நியூயார்க்கில் அந்தப் பகுதித் தண்ணீரைக் குடிக்கும் பெருநகரமும் அதன் வாக்காளர்களும் இருந்தார்கள். பென்சில்வேனியாவில் நிலத்தடிக் கனிமத்துக்கும் உரிமையாளரான விவசாயிகள் வாயு நிறுவனங்களிடம் பங்குப் பணம் வாங்கினார்கள். நெடுவாசல் விவசாயிக்கு அந்த உரிமையும் இல்லை, பங்கும் இல்லை. அவருக்குக் கிடைப்பது மேற்பரப்புக் குத்தகைத் தொகை மட்டும். கணக்குப் பார்த்தாலும் அவர் எதிர்ப்பதுதான் நியாயம்.

கோப்பைக் கிடப்பில் போடுவதை எத்தனை ஆண்டுகள் நம்ப முடியும்? 2020 பிப்ரவரி 9 அன்று சேலம் மாவட்டம் தலைவாசலில் பழனிசாமி, காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிப்பதாகச் சொன்னார். பதினொரு நாளில் சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. எண்ணெயைப் பற்றிச் சட்டம் போட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. அதனால் வேளாண்மையைப் பற்றிப் போட்டார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் முழுவதும், கடலூரில் ஐந்து ஒன்றியங்கள், புதுக்கோட்டையில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் மண்டலத்துக்குள் வந்தன. புதிதாக எண்ணெய், எரிவாயு ஆய்வோ எடுப்போ கூடாது. துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்கும் ஆலைகள் கூடாது. தோல் பதனிடும் ஆலை கூடாது. கப்பல் உடைப்பு கூடாது. ஏற்கெனவே நடப்பவை தொடரலாம். திருவரங்குளம் ஒன்றியத்து நெடுவாசலுக்குக் காவிரித் தண்ணீர் பாய்வது இல்லை. ஆனாலும் சட்டத்தின்படி அது டெல்டா. காவிரி நடுவே ஓடும் திருச்சி, கரூர் மாவட்டங்கள் மண்டலத்துக்குள் இல்லை. ஆறு வகுத்த எல்லை அல்ல இது, போராட்டம் வகுத்த எல்லை.

இதே அரசு 2017 ஜூலையில், நெடுவாசல் மக்கள் திடலில் உட்கார்ந்திருந்த நாட்களில், கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் 45 கிராமங்களைப் பெட்ரோகெமிக்கல் முதலீட்டு மண்டலமாக அறிவித்திருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்த அறிவிப்பும் 2020 பிப்ரவரியில்தான் ரத்தானது. மீத்தேன் ஒப்பந்தம் போட்ட கட்சி நெடுவாசலில் எதிர்த்தது. பெட்ரோகெமிக்கல் அறிவிப்பு போட்ட கட்சி வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. இதில் கொள்கை எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. தேர்தலுக்கு அஞ்சும் அரசு கருத்தை மாற்றிக்கொள்கிறது என்றால், அந்த ஏற்பாடு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அப்படி அஞ்சத் தேவையில்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் அதே ஆண்டு காட்டியது. 2020 ஜனவரி 16, தமிழ்நாட்டில் மாட்டுப் பொங்கல். அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைத் திருத்தியது. எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகள் ‘ஏ’ வகையிலிருந்து ‘பி2’ வகைக்கு இறங்கின. ‘பி2’ என்றால் பொதுமக்கள் கருத்துக் கேட்பு வேண்டாம், முழு மதிப்பீட்டு அறிக்கை வேண்டாம், அனுமதி மாநில அளவிலான ஆணையத்திடமே கிடைத்துவிடும். நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. அரசிதழில் சில பக்கம். சட்டம் மாறினால் ஊர் பார்க்கும், அறிவிக்கை மாறினால் வழக்கறிஞர்கள்தான் பார்ப்பார்கள். இதன் விளைவு ஐந்து ஆண்டு கழித்துத் தெரிந்தது. பாதுகாக்கப்பட்ட மண்டலத்தில் சேராத ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட, 2025 மார்ச்சில் மாநில ஆணையம் ஓஎன்ஜிசிக்கு அனுமதி தந்துவிட்டது. ஆகஸ்டில் செய்தி வெளியே வந்து எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லியிருப்பதாக மாநில அமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட வேண்டியதாயிற்று.

புதுக்கோட்டையிலும் ஓயவில்லை. 2021 ஜூனில் ஒன்றியப் பெட்ரோலிய அமைச்சகம் விட்ட அடுத்த ஏல அறிவிப்பில் கருக்காகுறிச்சி வடத்தெரு இருந்தது. இந்த முறை 10 அல்ல, 463 சதுர கிலோமீட்டர். ஒரு மாதத்துக்கு முன்தான் முதலமைச்சராகியிருந்த ஸ்டாலின், அதை நீக்கச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். முந்தைய ஆட்சியின் சட்டத்தையே தன் ஆதாரமாகக் காட்டினார்.

இனி கோட்டுக்கு மேற்கே. இங்கே தில்லி இல்லை, அதனால் எதிரி என்று கைகாட்ட ஆள் இல்லை. கருங்கல் குவாரிக்குக் குத்தகை தருவதும், கனிமத் தொகை வசூலிப்பதும், மீறினால் அபராதம் போடுவதும் மாநிலத்தின் ஒரே கைதான். ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்பதே 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் நடந்தது. 2025 ஜனவரியில் திருமயம் பக்கம், சட்டவிரோதக் குவாரிகள் மீது தொடர்ந்து புகார் கொடுத்துவந்த ஒருவர் டிப்பர் லாரி மோதிக் கொல்லப்பட்டார். குவாரித் தொழிலில் இருந்தவர்கள் கைதானார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. நெடுவாசலுக்கு வந்த கூட்டத்தில் நூறில் ஒரு பங்குகூடத் திருமயத்துக்கு வரவில்லை.

தைல மரமும் இதே கதைதான். ஊரில் ஆர்.எஸ்.பதி என்பார்கள். 1974இல் தொடங்கிய அரசு நிறுவனமான தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம், இந்த மாவட்டத்தின் காப்புக்காடுகளில் காகிதக் கூழுக்காக அதைப் பெரும் பரப்பில் வளர்க்கிறது. தோட்டத்துக்குள் மழைநீரைத் தேக்க வரப்பும் குழியும் போடுவதால் கண்மாய்க்கு வரத்து நின்றுபோகிறது என்பது கீழே உள்ள ஊர்களின் நெடுநாள் புகார். மறியலும் நடந்திருக்கிறது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கும் நடந்திருக்கிறது. மீத்தேனைத் தடுத்த இரண்டு திராவிடக் கட்சிகளின் ஆட்சியிலும் ஆர்.எஸ்.பதி நடவு நடந்தது. வேளாண் மண்டலச் சட்டம் தடைசெய்யும் தொழில்களின் பட்டியலில் கல் குவாரியும் இல்லை, கூழ்மரத் தோட்டமும் இல்லை.